கடுகு டப்பா எட்டும் தூரம்

"சித்தி, இந்தக் கோடெல்லாம் ஏன் இப்படி நெளிஞ்சு நெளிஞ்சு போகுது? நேரா இழுத்திருந்தா தூரம் குறையுமே?"

2023 மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை அது. அக்கா மகளுக்கு ஒரு கேமிங் கணினியை வீட்டிலேயே பூட்டுவது என்று முடிவுசெய்து, முந்தைய நாள் ரிச்சி தெருவில் பாகங்களை வாங்கி, சிந்தாதிரிப்பேட்டையில் பறக்கும் ரயில் ஏறித் திருவான்மியூருக்குக் கொண்டுவந்திருந்தோம். சாப்பாட்டு மேசை முழுக்க அட்டைப்பெட்டிகள். மதர்போர்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தவள் கேட்ட முதல் கேள்வி இதுதான். பிராசசர் உட்காரும் சதுரத்துக்கும் ராம் செருகும் பள்ளங்களுக்கும் நடுவே தலைமுடிக் கனத்தில் செப்புக் கோடுகள். சில நேரே போகின்றன. சில வழியில் நாலைந்து தரம் வளைந்து திரும்பிவிட்டுப் போகின்றன.

அவள் கேட்டது மிகச் சரியான கேள்வி. மதர்போர்டில் மின்குறி ஓடும் வேகம் நானோ வினாடிக்கு ஏறத்தாழ 15 சென்டிமீட்டர். வெற்றிடத்தில் ஒளி போகும் வேகத்தில் பாதி. இவ்வளவு வேகத்தில் ஓடும்போது ஒரு சென்டிமீட்டர் முன்னே பின்னே இருந்தால் என்ன என்று தோன்றும். ஆனால் நாங்கள் வாங்கிய டி.டி.ஆர்.4-3200 ராம், ஒவ்வொரு கோட்டிலும் வினாடிக்கு 320 கோடி முறை ஒன்றையோ பூஜ்யத்தையோ அனுப்புகிறது. ஒரு துளித் தகவலுக்குக் கிடைக்கும் நேரம் 0.31 நானோ வினாடி. அதற்குள் குறி கடக்கும் தூரம் 5 சென்டிமீட்டர்கூட இல்லை. எட்டு எட்டுக் கோடுகள் ஒரு கூட்டமாகச் சேர்ந்து தகவலைச் சுமந்து போகும்போது, ஒன்று மட்டும் ஒரு சென்டிமீட்டர் குட்டையாக இருந்தால், அதில் வரும் துளி தன் நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு முன்னதாக வந்து நிற்கும். எட்டும் ஒன்றாக வாசலுக்கு வரவேண்டும். அதற்காகத்தான் கிட்டத்தில் வீடுள்ளவனைத் தெருவைச் சுற்றி வரச் சொல்லியிருக்கிறார்கள். அந்த நெளிவு அழகுக்கு இல்லை; நேரத்தைச் செம்பில் எழுதிவைத்த கணக்கு.

கடையில் பூட்டியே வாங்கியிருக்கலாம். ஆனால் மூடிய பெட்டிக்குள் இந்தக் கோடுகளை யாரும் பார்ப்பதில்லை. பாகங்களைக் கையில் எடுத்து ஒவ்வொன்றாக வைக்கும்போதுதான், எது எதற்குப் பக்கத்தில் இருக்கிறது, ஏன் அங்கே இருக்கிறது என்ற கேள்வியே எழுகிறது.

எங்கள் பிராசசர் ரைசன் 5 5600. அதன் வயிற்றுப் பக்கத்தில் 1331 தங்க முலாம் பூசிய ஊசிகள். மூலையில் இருக்கும் முக்கோணக் குறியைப் பார்த்து வைத்தால் தன் எடையிலேயே சாக்கெட்டுக்குள் இறங்கிவிடும், அழுத்தவே கூடாது. இவ்வளவு ஊசிகள் எதற்கு? தகவல் போக்குவரத்துக்குச் சில நூறு. மீதியில் பெரும் பங்கு, மின்சாரம் உள்ளே வரவும் வெளியே போகவும். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை எஸ்.எம்.பி.எஸ். 12 வோல்ட்டாக இறக்குகிறது. பிராசசருக்கோ சுமார் 1.2 வோல்ட்தான் தேவை. கடைசி இறக்கம் பிராசசரை ஒட்டி மதர்போர்டிலேயே நடக்கிறது. வோல்ட் குறைந்தால், அதே வேலைக்கு ஆம்பியர் கூட வேண்டும். 50 வாட் வேலைக்கு 40 ஆம்பியருக்கு மேல். ஒன்றரை டன் ஏ.சி. சுவரிலிருந்து இழுப்பது ஏழு ஆம்பியர் அளவில். அதைப்போல ஆறு மடங்கு கரண்ட், அந்த ஊசிகளின் வழியே சுண்டுவிரல் நகத்தளவு சிலிக்கானுக்குள் போய் வருகிறது.

போன மின்சாரமெல்லாம் வெப்பமாகத்தானே வெளிவரவேண்டும். கணக்கிடும் சிப்பின் பரப்பு 81 சதுர மில்லிமீட்டர் அளவு. 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பின் சூடு 18 சென்டிமீட்டர் வட்டத்தில் பரவுகிறது. சதுர மில்லிமீட்டருக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால், பிராசசர் அந்த அடுப்பைவிட ஏழு மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கக்குகிறது. பிராசசருக்கும் அதைக் குளிர்விக்கும் கூலருக்கும் நடுவில் பச்சைப் பட்டாணி அளவு தெர்மல் பேஸ்ட் வைக்கச் சொல்வது இதனால்தான். வழவழப்பாகத் தெரியும் இரண்டு உலோகப் பரப்புகளுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத பள்ளங்கள் இருக்கின்றன. அவற்றில் காற்று நின்றால் வெப்பம் அங்கேயே தேங்கிவிடும். காற்றைவிடப் பேஸ்ட் நூறு மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும்.

மாலை ஐந்து மணிக்கு எல்லாம் பூட்டி முடித்து ஸ்விட்சைப் போட்டோம். விசிறிகள் சுற்றின. திரை கறுப்பாகவே இருந்தது.

அவள் முகம் சுருங்கிப்போனது. நானும் பயந்துதான் போனேன். அரை மணி நேரம் ராமைக் கழற்றி மாட்டினோம், ஒவ்வொரு கேபிளையும் இழுத்துப் பார்த்தோம். கடைசியில் பின்பக்கம் எட்டிப் பார்த்தால், மானிட்டர் வயரை கிராபிக்ஸ் கார்டில் செருகாமல் மதர்போர்டில் செருகியிருந்தேன். ரைசன் 5600-க்குத் தானாகப் படம் வரையத் தெரியாது. அதற்கான பகுதியே அந்தச் சிப்பில் கிடையாது. அணைத்து, வயரை மாற்றி, மறுபடி ஸ்விட்சைப் போட்டேன். அப்போதும் சில வினாடிகள் கறுப்பு. பிறகுதான் எழுத்துகள் வந்தன.

அந்தச் சில வினாடிகளில் நடந்தது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். கோடுகளை எவ்வளவுதான் கவனமாக நெளித்து வரைந்தாலும், போர்டுக்குப் போர்டு, ராமுக்கு ராம் நுண்ணிய வேறுபாடுகள் இருக்கும். ஆகவே புது ராமோ புதுப் பிராசசரோ மாட்டி முதல் முறை உயிர்கொடுக்கும்போது, கணினி எடுத்த எடுப்பில் வேலையைத் தொடங்குவதில்லை. தெரிந்த ஒரு தகவலை ராமுக்கு அனுப்பித் திரும்ப வாங்கிப் பார்க்கிறது. சரியாக வரவில்லையென்றால் நேரத்தைக் கொஞ்சம் தள்ளி மறுபடி அனுப்புகிறது. இப்படி ஒவ்வொரு கோடாகச் சோதித்து, எது எவ்வளவு தாமதிக்கிறது என்று கண்டுபிடித்துக் குறித்துக்கொள்கிறது. டி.டி.ஆர்.4-ல் சில வினாடிகள், புதிய டி.டி.ஆர்.5-ல் நிமிடக்கணக்கில்கூட ஆகலாம். தன் நரம்புகளின் நீளத்தைத் தானே அளந்துகொள்ளும் பொருள் மேசைமேல் இருக்கிறது என்று சொன்னதும், அவள் ஒரு நிமிடம் பேசாமல் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்குப் பிடித்த விளையாட்டு சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ். ஃபின்லாந்தில் உருவாகி 2015-ல் வெளிவந்தது. நிலத்தை வாங்கி, சாலை போட்டு, தண்ணீர்க் குழாய் இழுத்து, பஸ் விட்டு ஒரு நகரத்தை வளர்க்கவேண்டும். திரையில் 1920-க்கு 1080 புள்ளிகள், மொத்தம் 20,73,600. வினாடிக்கு 60 படம் வேண்டுமென்றால், ஒவ்வொரு படத்துக்கும் 16.7 மில்லி வினாடிதான். அதற்குள் எந்த பஸ் எங்கே நிற்கிறது, எந்தக் குழந்தை பள்ளிக்குப் போகிறது என்று பிராசசர் முடிவுசெய்து, 'இதை இதை வரை' என்று ஒரு பட்டியலை நீட்டவேண்டும். கிராபிக்ஸ் கார்டு 20 லட்சம் புள்ளிகளுக்கும் நிறம் பூசவேண்டும்.

எங்கள் கார்டு ஆர்.டி.எக்ஸ் 3060. அஞ்சல்தலையைவிடச் சிறிய சிப்பில் 1200 கோடி டிரான்சிஸ்டர்கள், 3584 கணக்கிடும் உறுப்புகள். தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் பிராசசரின் ஒரு கோரைவிடப் பலவீனமானது. ஆனால் 32 வேலைகள் ஒரு வரிசையாகக் கட்டப்பட்டு, ஒரே நேரத்தில் ஒரே கட்டளையை நிறைவேற்றுகின்றன. நிறம் மட்டும் புள்ளிக்குப் புள்ளி வேறு. இந்த வரிசைக்குப் பொறியாளர்கள் வைத்த பெயர் நெசவிலிருந்து எடுத்தது: பாவு. தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய இழைகளில் ஒரு பகுதி ஒரே மிதிக்கு ஒன்றாக எழுந்து ஒன்றாகத் தாழ்வதைப் பார்த்தவர்களுக்கு, இந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்று விளங்கும். கணினித் துறை கடன் வாங்கிய சொற்களில் இதற்கு இணையாக நேர்மையானது எனக்குத் தெரிந்து வேறில்லை.

ஒரு வருடம் போனது. அவளுடைய நகரம் பெருத்தது. படம் திக்க ஆரம்பித்தது. மேம்பாலத்தில் பஸ் ஊர்கிறதா நிற்கிறதா என்று தெரியாது. கேட்டவர்களெல்லாம் சொன்னது ஒன்றே: பெரிய கிராபிக்ஸ் கார்டாக மாற்று. அவளும் அதற்குத்தான் காசு சேர்க்கத் தொடங்கியிருந்தாள்.

வாங்குமுன் ஒரு சோதனை செய்யச் சொன்னேன். திரையின் புள்ளிகளை 1280-க்கு 720 என்று குறைத்தோம். கார்டின் வேலை பாதிக்கும் கீழே இறங்குகிறது. கார்டுதான் காரணமென்றால் வேகம் கூடியிருக்கவேண்டும். கூடவில்லை. டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் கார்டு பாதி நேரம் சும்மா இருக்கிறது, பட்டியல் வருமா என்று வழிபார்த்துக்கொண்டு.

அப்படியானால் பிராசசர் மூச்சு முட்ட வேலை செய்கிறதா? அதுவும் பெரும்பாலும் காத்திருக்கிறது. 4.4 கிகா ஹெர்ட்ஸில் துடிக்கும் பிராசசருக்கு ஒரு துடிப்பு 0.23 நானோ வினாடி. ராமில் இருக்கும் ஒரு தகவலைக் கேட்டு வாங்க 80 நானோ வினாடி அளவில் ஆகும், அதாவது 350 துடிப்புகள். ஒரு துடிப்பை ஒரு வினாடியாக நீட்டிப் பாருங்கள். அடுப்பில் எண்ணெய் காய்ந்துவிட்டது, கடுகு வேண்டும். சிப்புக்குள்ளேயே இருக்கும் கேஷ் மெமரி, கை எட்டாவிட்டாலும் ஒரு நிமிடத்துக்குள் எடுத்துவிடக்கூடிய அலமாரி. ராம், போய் வர ஆறு நிமிடமாகும் தெருமுனைக் கடை. எஸ்.எஸ்.டி. நாலு நாள் பயணம். பழைய சுழலும் ஹார்டு டிஸ்க்கென்றால் ஒரு வருடத்துக்கும் மேல். நகரத்தில் ஆயிரக்கணக்கான ஆட்கள், வண்டிகள்; ஒவ்வொருவர் எங்கே போகிறார் என்பதும் ஒரு கடுகு. அலமாரியில் அத்தனைக்கும் இடமில்லை. பிராசசர் நாளெல்லாம் தெருமுனைக்கு நடந்துகொண்டிருக்கிறது.

முதலில் சின்னத் திருத்தம். ஆரம்பத்தில் காசு போதாமல் 8 ஜி.பி. ராம் ஒன்றே ஒன்று போட்டிருந்தோம். அதேபோல் இன்னொன்று வாங்கி, பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நாலாவது பள்ளங்களில் மாட்டினோம். கடைக்குப் போகும் வழி ஒன்றாக இருந்தது இரண்டானது, வினாடிக்கு 25.6 ஜி.பி. வரை போகக்கூடிய பாதை 51.2 ஆனது. கொஞ்சம் தேறியது. ஆனால் வழி அகலமானாலும் கடை இருந்த இடத்தில்தானே இருக்கிறது.

தூரத்தைக் குறைக்க ஒரு வழி ஏற்கெனவே வந்திருந்தது. 2022-ல் ஏ.எம்.டி. நிறுவனம், பிராசசர் சிப்பின் தலைமேல் இன்னொரு சிப்பை அடுக்கியது. அதில் கேஷ் மெமரி மட்டும், 64 எம்.பி. கீழே இருந்த 32-உடன் சேர்த்து 96. பக்கவாட்டில் அலமாரியை நீட்டினால் தூரம் கூடும். அதனால் மாடி கட்டினார்கள். இரண்டு தளத்துக்கும் நடுவே ஈயப்பற்று கிடையாது. செம்புப் புள்ளியின்மேல் செம்புப் புள்ளி நேராக ஒட்டுகிறது. புள்ளிக்குப் புள்ளி இடைவெளி 9 மைக்ரான். மாடி கட்டியும் உயரம் கூடாதபடி சிலிக்கானை மெலிதாக்கிவிட்டார்கள். இதற்கு ஒரு விலை உண்டு. மேலே ஒரு தளம் உட்கார்ந்தால் கீழ்த்தளத்துச் சூடு வெளியேறுவது சிரமம். அதனால் சிப்பைக் கொஞ்சம் மெதுவாகத்தான் ஓட்டமுடியும்.

அந்த வகையில் 2024-ல் வந்த ரைசன் 7 5700எக்ஸ்3டி எங்கள் போர்டின் அதே சாக்கெட்டில் உட்காரும். விவரங்களைப் படித்த அவள் உடனே நிமிர்ந்தாள்.

"சித்தி, இது 4.1 தானே? நம்மகிட்ட இருக்கிறது 4.4. காசு குடுத்து வேகம் குறைஞ்சதை வாங்கச் சொல்றியா?"

"வேகமா தாளிக்கிறவ தினம் கடைக்கு ஓடுறா. நிதானமா தாளிக்கிறவளுக்குக் கடுகு பக்கத்திலயே இருக்கு. யார் வீட்டுச் சாம்பார் முதல்ல இறங்கும்?"

கார்டுக்குச் சேர்த்த காசில் அதை வாங்கினோம். அதோடு வெப்பக் குழாய் வைத்த ஒரு கூலரும். செப்புக் குழாய்க்குள் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுத் துளித் தண்ணீர் விட்டு மூடியிருப்பார்கள். கொடைக்கானல் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதிக்கும். காற்று இன்னும் குறைந்த இந்தக் குழாய்க்குள் கை பொறுக்கும் சூட்டிலேயே ஆவியாகும். ஆவி மேலே போய்க் குளிர்ந்து, உள்சுவரின் நுண்துளைகள் வழியே தானாகக் கீழே திரும்புகிறது. மோட்டார் இல்லை, ஓசை இல்லை. 1963-ல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் உருவாக்கிய வடிவம். விண்கலங்களில் பயன்பட்டு, இன்று ஒரு மாணவியின் மேசைக்கு வந்துவிட்டது.

பழைய பிராசசர் இருக்கும்போதே பென் டிரைவிலிருந்து மதர்போர்டின் தொடக்க மென்பொருளான பயாஸைப் புதுப்பித்தோம். இல்லாவிட்டால் போர்டுக்குப் புதியதை அடையாளம் தெரியாமல் போகலாம். பிறகு அவளே நெம்புகோலைத் தூக்கி, முக்கோணக் குறி பார்த்து, அழுத்தாமல் இறக்கினாள். பேஸ்ட், கூலர், வயர்கள். இந்தத் தடவை மானிட்டர் வயரை அவளே செருகினாள், கார்டில்.

ஸ்விட்சைப் போட்டதும் விசிறிகள் சுற்றின. திரை கறுப்பு. ஐந்து வினாடி, பத்து வினாடி. என் கை தன்னாலே பின்பக்கத்து வயரைத் தேடிப் போனது.

"இரு சித்தி. அளக்குது."

திரை விழித்துக்கொண்டது. அவள் நேராகத் தன் நகரத்தைத் திறந்தாள். மேம்பாலத்தில் பஸ்கள் தயங்காமல் வளைந்து இறங்கின. கொஞ்ச நேரத்தில் பெட்டிக்குள்ளிருந்து ஒரு புதுச் சத்தம் எழுந்தது. இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். ஒரு வருடமாக வழிபார்த்துக் கிடந்த கிராபிக்ஸ் கார்டின் விசிறிகள் வேகம் பிடித்திருந்தன.