முதுமையடைந்த நாயும் நமது கடமையும்

நம் பள்ளியில் நான்காம் ஆண்டு மாணவர்கள் ‘நான் வளர்க்கும் பிராணி’ என்னும் தலைப்பில் கட்டுரை எழுதுவது ஆண்டுதோறும் உள்ள வழக்கம். பெரும்பாலோர் நாயைப் பற்றியே எழுதுவர். ‘நாய் நன்றியுள்ள பிராணி, அது எங்கள் வீட்டைக் காக்கிறது, நான் அதனை மிகவும் நேசிக்கிறேன்’ என்று அக்கட்டுரைகள் முடிவுறும். ஆயின், ஒரு மாணவரின் கட்டுரை வேறு விதமாக முடிந்திருந்தது. ‘இப்பொழுது எங்கள் நாய்க்கு வயதாகிவிட்டது. அதனால் எழுந்து நடக்க முடியவில்லை. அப்பா அதைச் சாக்கில் வைத்து, மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய்ச் செம்பனைக் காட்டில் விட்டுவிட்டு வந்தார். அன்று இரவு அப்பா சோறு உண்ணவில்லை’ என்று அம்மாணவர் எழுதியிருந்தார்.

அவ்வரிகளைப் படித்தபோது நாம் அத்தந்தையைக் கொடியவர் என்று கருதவில்லை. கொடியவராயின் அவருக்கு உணவு கசந்திராது. தம் பிள்ளைகளோடு ஒன்றாய் வளர்ந்த உயிர் கண்முன்னே துடிப்பதைக் காணப் பொறாமலும், வேறு என்ன செய்வது என்று அறியாமலுமே அவர் அவ்வாறு செய்திருத்தல் வேண்டும். நம் வீடுகளில் வாயில்லா உயிர்களுக்கு நேரும் துன்பங்களுட் பல, கொடுமையால் நேர்வன அல்ல, அறியாமையால் நேர்வன. ஆதலின், முதுமையும் நோயும் உற்ற நாயின் இறுதிக் காலத்தில் நாம் செய்யத்தக்கது யாது என்பதை இங்கு விளக்க முற்படுகிறோம்.

நாயின் ஆயுள்

நாயின் ஆயுள் அதன் இனத்தையும் உடலளவையும் பொறுத்தது. சிறிய இன நாய்கள் 12 முதல் 16 ஆண்டுகள் வரை வாழக்கூடும். மிகப் பெரிய இன நாய்களோ 8 அல்லது 10 ஆண்டுகளிலேயே முதுமையின் முடிவை எட்டிவிடும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் மந்தை காத்த ‘புளூயி’ என்னும் நாய், 1910-ஆம் ஆண்டு முதல் 1939-ஆம் ஆண்டு வரை 29 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தது என்று பதிவாகியுள்ளது. அஃது அரிதினும் அரிது.

நாயின் ஓராண்டு மனிதனின் ஏழாண்டுகளுக்குச் சமம் என்று பலர் கூறக் கேட்கிறோம். அக்கணக்கு முற்றும் சரியன்று. நடுத்தர அளவுள்ள நாய் தன் முதல் ஆண்டிலேயே மனிதனின் 15 வயதுக்குரிய வளர்ச்சியைப் பெறுகிறது. இரண்டாம் ஆண்டுக்கு மேலும் 9 வயதும், அதன்பின் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஏறத்தாழ 5 வயதும் கூட்டிக்கொள்ளலாம். இக்கணக்கின்படி 12 வயதுடைய நாய், 74 வயது நிரம்பிய முதியவருக்கு ஒப்பாகும். அந்த வயதில் நம் பாட்டனார் படியேறத் தயங்கினால் நாம் சினப்பதில்லை, கை கொடுக்கிறோம். நாய்க்கும் அத்தகைய கை தேவைப்படுகிறது.

முதுமையின் அறிகுறிகள்

நாய் தன் வலியை எளிதில் வெளிக்காட்டாது. அது கத்தவில்லை, ஆகையால் அதற்கு வலியில்லை என்று எண்ணுதல் தவறு. எழும்போது தடுமாறுதல், படியேற மறுத்தல், ஒரே இடத்தை நக்கிக்கொண்டேயிருத்தல், தொடவந்தால் உறுமுதல், ஓய்ந்திருக்கும்போதும் மூச்சிரைத்தல் ஆகியவை வலியைக் காட்டும் குறிகளாகும். மூட்டுவாதம் முதிய நாய்களுக்கு மிகப் பரவலாக வரும் நோய்.

நீரை மிகுதியாகக் குடித்து மிகுதியாகச் சிறுநீர் கழித்தால் சிறுநீரகம் பழுதுற்றிருக்கலாம், நீரிழிவும் இருக்கலாம். அப்பொழுது, வீடு நனைகிறதே என்று நீரைக் குறைத்தல் கூடாது. இருமலும் இளைப்பும் இதய நோயைக் காட்டக்கூடும். நம் நாட்டில் கொசுக்கடியால் பரவும் இதயப்புழுவும், உண்ணிகளால் பரவும் காய்ச்சலும் நாய்களை வாட்டுகின்றன. சில முதிய நாய்கள் இரவில் காரணமின்றி நடந்துகொண்டேயிருக்கும். சுவரை நோக்கி நிற்கும். பழகிய வீட்டிலேயே வழி தவறும். இது மூளையின் முதுமையால் வருவது, பிடிவாதமன்று.

மாணவர்களே, இங்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. வலியுற்ற நாய், எவ்வளவு சாதுவாயினும் கடித்துவிடக்கூடும். உறங்கும் முதிய நாயைத் திடீரெனத் தொடாதீர்கள். பெயர் சொல்லி அழைத்த பின்னரே அணுகுங்கள். நாயின் குணம் திடீரென மாறி, வாயில் நீர் வழிந்து, காண்பவரையெல்லாம் கடிக்க வந்தால், அதன் அருகே செல்லாமல் பெரியோரிடம் கூறுங்கள். வெறிநாய்க்கடி நோய் 2017-ஆம் ஆண்டு சரவாக் மாநிலத்தில் பரவி உயிர்களைப் பறித்ததை நாம் மறத்தலாகாது. கடிபட்டவர் காயத்தை உடனே சவர்க்காரமிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடங்கள் கழுவிவிட்டு மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும்.

வீட்டில் செய்யத்தக்கவை

முதிய நாயைப் பேணுவதற்குப் பெருஞ்செல்வம் தேவையில்லை. மழைச்சாரல் படாத இடத்தில் பல சாக்குகளை மடித்து மெத்தென்று விரித்தால் அதுவே நல்ல படுக்கையாகும். வழுக்கும் சிமெண்டுத் தரையிலும் சாக்கு விரித்தால் நாய் எழுந்து நிற்க எளிதாகும். எலும்பு நீக்கிய வேகவைத்த கோழியிறைச்சியைக் குழைந்த சோற்றுடன் பிசைந்து, சிறிது சிறிதாகப் பலமுறை கொடுக்கலாம். வெங்காயம் சேர்த்த குழம்பு நாய்க்கு ஆகாது. குடிநீரை ஓரிடத்தில் மட்டுமன்றி, அது படுக்கும் இடத்தின் அருகிலும் வைத்தல் வேண்டும்.

எழ இயலாத நாயைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபுறம் திருப்பிப் படுக்கவைத்தல் வேண்டும். இல்லையேல் படுக்கைப்புண் தோன்றும். புண்ணில் ஈ மொய்த்து முட்டையிட்டால், வெப்பம் மிகுந்த நம் நாட்டில் ஒரே நாளில் புழு வைத்துவிடும். ஆதலின் உடலை நாள்தோறும் துடைத்து, ஈரம் உலர்த்தி, வால்புறத்தையும் கால் மடிப்புகளையும் சோதித்தல் இன்றியமையாதது.

செய்யத்தகாத ஒன்றும் உண்டு. நாம் தலைவலிக்கு விழுங்கும் மாத்திரைகளை நாய்க்குக் கொடுத்தல் கூடாது. பாராசிட்டமோல் நாயின் கல்லீரலையும் குருதியையும் கெடுக்கும். ஐபுபுரோஃபென் குடலைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தைச் சிதைக்கும். நாய்க்கென்றே வலி தணிக்கும் மருந்துகள் உள்ளன. அவற்றைக் கால்நடை மருத்துவரிடமே பெறுதல் வேண்டும்.

இறுதி நெருங்கியதை அறிவது எவ்வாறு?

‘இன்னும் வைத்துப் பார்ப்பதா, போதுமென்று முடிவு செய்வதா?’ என்பதே மிகக் கடினமான கேள்வி. இதற்குத் துணையாக ஆலிஸ் வில்லாலோபோஸ் என்னும் அமெரிக்கக் கால்நடை மருத்துவர் 2004-ஆம் ஆண்டில் ஓர் அளவுகோலை வெளியிட்டார். அதில் ஏழு கூறுகள் உள்ளன. வலியின்றியும் மூச்சுத் திணறலின்றியும் இருக்கிறதா? பசித்து உண்கிறதா? போதிய நீர் அருந்துகிறதா? உடல் தூய்மையாக உள்ளதா? நம்மைக் கண்டு மகிழ்கிறதா? எழுந்து நடமாடுகிறதா? தீய நாள்களைவிட நல்ல நாள்கள் மிகுந்துள்ளனவா? ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண் இடுதல் வேண்டும். மொத்தம் 35-க்கு மேல் இருப்பின், பராமரிப்பைத் தொடரலாம் என்று கொள்ளலாம். அதற்குக் கீழே இறங்கின், மருத்துவரோடு கலந்து பேசும் காலம் வந்துவிட்டது.

இதனைச் செய்ய ஓர் எளிய வழி உண்டு. வீட்டு நாள்காட்டியில், நாய் உண்டு மகிழ்ந்திருந்த நாளுக்கு ஒரு வட்டமும், துன்புற்ற நாளுக்கு ஒரு கோடும் இட்டு வரலாம். மாதத் தாளைப் புரட்டும்போது கோடுகளே மிகுந்திருந்தால், நம் மனம் ஏற்க மறுத்த உண்மையை அத்தாள் கூறிவிடும். உறங்கும் நாயின் மூச்சையும் ஒரு நிமிடம் எண்ணிப் பார்க்கலாம். அது 30-ஐத் தாண்டி நாள்தோறும் ஏறிக்கொண்டே போனால் தாமதியாது மருத்துவரை நாடுதல் வேண்டும்.

மருத்துவர் செய்வது யாது?

நோய் தீராது, வலியும் தணியாது என்ற நிலையில் மருத்துவர் கருணைக்கொலையைப் பரிந்துரைக்கக்கூடும். ‘கொலை’ என்னும் சொல் நம்மை நடுங்கச் செய்கிறது. ஆயின் நடப்பது என்ன என்று அறிந்தால் அந்நடுக்கம் குறையும். வழக்கமாக, முதலில் நாய் அமைதியுறுவதற்கு மருந்து செலுத்தப்படும். பின்னர் மயக்க மருந்து வகையைச் சேர்ந்த ஒரு மருந்து, மிகுந்த அளவில் நரம்பின் வழியே செலுத்தப்படும். சில நொடிகளில் நாய் நினைவிழந்துவிடும். சில நிமிடங்களில் மூச்சும் இதயத் துடிப்பும் நின்றுவிடும். கண்கள் திறந்தே இருக்கலாம். நினைவு போன பின்னும் ஓரிரு முறை உடல் சிலிர்க்கலாம். அது வலியன்று.

அவ்வேளையில் வீட்டார் ஒருவர் அருகிலிருந்து அதன் தலையை வருடிக்கொடுத்தல் நலம். தனக்குப் பழகிய கையும் குரலும் அருகே இருப்பது அதன் அச்சத்தைத் தணிக்கும்.

மாவட்டந்தோறும் உள்ள அரசாங்கக் கால்நடைச் சேவை அலுவலகத்தை இதற்கு அணுகிக் கேட்கலாம். அங்குக் கட்டணம் பொதுவாகக் குறைவு. செர்டாங்கில் உள்ள புத்ரா மலேசியப் பல்கலைக்கழகத்தில் விலங்கு மருத்துவமனை இயங்குகிறது. சிலாங்கூர், பினாங்கு முதலிய மாநிலங்களில் பிராணிகள் வதைத் தடுப்புச் சங்கங்களும் உள்ளன. முன்கூட்டியே தொலைபேசியில் கட்டணத்தைக் கேட்டுக்கொள்வதில் வெட்கப்பட ஏதுமில்லை.

உடலைப் புதைப்பதாயின், இடத்திற்கு உரியவரின் அனுமதி பெற்று, கிணற்றுக்கும் ஆற்றுக்கும் தொலைவில், மூன்றடிக்குக் குறையாத ஆழத்தில் புதைத்தல் வேண்டும். செலுத்திய மருந்து உடலிலேயே தங்கியிருக்குமாதலால், அதனைத் தோண்டித் தின்னும் பிற விலங்குகளும் மாண்டுபோகக்கூடும்.

கைவிடுதல் தீர்வாகுமா?

தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு, நம் மக்கள் லயங்களை விட்டு நகர்ப்புற அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தபோது, நாய்கள் பல பின்தங்கிவிட்டன. பூட்டிய வாசல்களில் அவை காத்துக்கிடந்ததைக் கண்டவர் நம்மிடையே உளர். இளைய நாயாயின் எங்கேனும் இரை தேடும். முதிய நாய்க்கு அதுவும் இயலாது. கண் மங்கி, கால் தளர்ந்த அது, பசியாலும் தாகத்தாலும் பிற நாய்களின் கடியாலும் பல நாள் வதைபட்டே இறக்கும். நாம் அதனைக் காண்பதில்லை, அவ்வளவே.

2015-ஆம் ஆண்டின் விலங்கு நல்வாழ்வுச் சட்டம் 2017-ஆம் ஆண்டில் நம் நாட்டில் நடப்புக்கு வந்தது. வளர்க்கும் விலங்கை வலி, துன்பம், நோய் ஆகியவற்றிலிருந்து காப்பது உரிமையாளரின் கடமை என்று அது விதிக்கிறது. விலங்கை வதைப்போருக்கு 20,000 ரிங்கிட் முதல் 100,000 ரிங்கிட் வரை தண்டமோ, மூன்றாண்டுகள் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஆயினும் தண்டத்துக்கு அஞ்சிச் செய்வதைவிட, அன்பினால் செய்வதே சிறப்பு.

பிள்ளைகளிடம் உண்மை கூறுவோம்

பெற்றோர்களே, நாய் இறந்தால் ‘ஓடிப்போய்விட்டது’ என்று பிள்ளைகளிடம் கூறாதீர்கள். அவர்கள் பல நாள் அதனைத் தேடி அலைவர். ‘தூங்கவைத்துவிட்டோம்’ என்றும் கூறாதீர்கள். சிறு குழந்தைகள் உறங்குவதற்கே அஞ்சக்கூடும். ‘அதற்குத் தீராத நோய், மருத்துவர் வலியில்லாமல் அதன் உயிர் பிரியச் செய்தார், இனி அது வராது’ என்று உள்ளதை உள்ளவாறு கூறுங்கள். அழுதால் அழவிடுங்கள். ‘ஒரு நாய்க்காகவா அழுகிறாய்?’ என்று கேளாதீர்கள்.

பாரதக் கதையின் முடிவில், தருமர் தம்மைத் தொடர்ந்து வந்த நாயை விட்டுவிட்டு விண்ணுலகம் புக மறுத்தார் என்பதை நாம் அறிவோம். தம்பியரையும் மனைவியையும் வழியில் இழந்தவர், தம்மை நம்பி வந்த ஒரு நாயைக் கைவிட இசையவில்லை. நமக்கு அத்துணைப் பெரிய சோதனை வரப்போவதில்லை. நம் வாசலில் கிடக்கும் கிழட்டு நாய்க்கு ஒரு சாக்குப் படுக்கை, ஒரு கிண்ணம் நீர், வேண்டும் காலத்தில் ஒரு மருத்துவர், கடைசி நேரத்தில் அருகில் ஒருவர் ஆகியனவே வேண்டுவன.

‘நாய் நன்றியுள்ள பிராணி’ என்று நம் மாணவர்கள் இனியும் எழுதுவர். அவ்வாறு எழுதும் ஒவ்வொரு பிள்ளையும், ‘அதற்கு முதுமை வந்தபோது நாங்களும் நன்றி மறக்கவில்லை’ என்று அடுத்த வரியையும் எழுதும் நிலை நம் வீடுகளில் உண்டாதல் வேண்டும்.