மார்க் வாங்கினால் மட்டும் போதுமா?

அருப்புக்கோட்டையை அடுத்த பாளையம்பட்டி, வானம் பார்த்த பூமி. அங்கே ஒரு நெசவாளி வீட்டுப் பெண் பிளஸ் டூவில் பிரமாதமாக மார்க் வாங்கிவிட்டாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். “காலேஜுக்குப் பணத்துக்கு எங்கேயடி போவேன்?” என்று தாயார் கலங்குகிறாள்.

கலங்க வேண்டாம், அம்மா! 2008-ல் மத்திய அரசு தொடங்கிய உபகாரச் சம்பளத் திட்டம் இருக்கிறதே! குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4½ லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். தன் பாடப் பிரிவில் தேறியவர்களில் முதல் 20 சதவிகிதத்துக்குள் பெண் வந்திருக்க வேண்டும். பட்டப் படிப்புக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய்; அதுவும் அவள் பெயரிலுள்ள பாங்குக் கணக்குக்கே வரும். பாதி இடங்கள் பெண்களுக்குத்தான்!

ஆனால், கோட்டை விடுகிற இடம் ஒன்று உண்டு. முதல் வருஷம் கிடைத்தது, மறு வருஷம் தானாக வராது. தேசிய ஸ்காலர்ஷிப் இணையதளத்தில் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். பரீட்சையில் 50 சதவிகித மார்க்கும், வகுப்பில் 75 சதவிகித வருகையும் கட்டாயம். தபால் வழிப் படிப்புக்கு இது கிடையாது. வேறு உபகாரச் சம்பளம் வாங்கினாலும் கிடையாது. ஆகவே எது லாபம் என்று முன்னதாகவே கணக்குப் பாருங்கள்.

காலண்டரில் அமாவாசையும் கிருத்திகையும் பார்க்கிறோம் அல்லவா? விண்ணப்பத்தின் கடைசித் தேதியையும் அதில் குறித்து வையுங்கள். மழை பொய்க்கலாம், பெண்ணின் படிப்பு பொய்க்கலாமா?