கடிகாரத்துக்குள் ஒரு கண்!

குழந்தையை ஆயாவிடம் விட்டுவிட்டு ஆபீசுக்குப் போகிறீர்கள். மனசு மட்டும் தொட்டிலருகிலேயே நிற்கிறது. கடிகாரத்துக்குள் ஒளித்து வைத்த காமிரா ஒன்று வாங்கிவிடலாமா என்று யோசிக்கிறீர்கள், இல்லையா?

தாராளமாக வாங்குங்கள். ஆனால் ஜன்னலுக்கு எதிரே வைக்காதீர்கள். ஆள் வெறும் நிழலாகத்தான் தெரிவார். அலமாரிக் கண்ணாடிக்குப் பின்னாலும் வேண்டாம். இரவில் காமிரா வீசும் அகச்சிவப்பு ஒளி கண்ணாடியில் பட்டுத் திரும்பி, படம் வெளுத்துவிடும். கம்பெனி போட்டுக் கொடுத்த கடவுச்சொல்லை அன்றைக்கே மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் முன்பின் தெரியாதவன் எங்கிருந்தோ உங்கள் கூடத்தை எட்டிப் பார்ப்பான்!

குளியலறையிலும் உடை மாற்றும் இடத்திலும் கூடவே கூடாது. ஒரு பெண்ணை அந்தரங்க நிலையில் படம் பிடிப்பது பாரதிய நியாய சன்ஹிதா 77-வது பிரிவின்படி குற்றம். முதல் தடவைக்கே ஓராண்டுக்குக் குறையாத சிறை.

சரி, ஆயாவிடம் சொல்லலாமா? சொல்லத்தான் வேண்டும் என்பேன் நான். ஒளிவு திருடனுக்காக, வீட்டில் உழைக்கிறவருக்காக அல்ல. கடிகாரத்தைத் துடைக்கும்போது அவராகவே கண்டுபிடித்தால், மறுநாள் அவர் முகத்தில் எப்படி விழிப்பீர்கள்? "ஆயாம்மா, இதில் காமிரா இருக்கிறது. ஆபீசிலிருந்து குழந்தையைப் பார்ப்பேன்" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். அவர் புடவை மாற்ற எந்த அறை சௌகரியம் என்றும் கேளுங்கள். அந்த அறை வாசல் படத்தில் விழுகிறதா என்று அப்போதே ஒரு தரம் பார்த்து, விழுந்தால் கடிகாரத்தை வேறு பக்கம் மாட்டுங்கள்.