பணத்தின் எல்லையை வகுத்தவர்

தஞ்சோங் ரம்புத்தானில் உள்ள மளிகைக் கடையில் பத்து ரிங்கிட்டுக்கு எவ்வளவு பொருள் கிடைக்கும் என்பதைக் கடைக்காரர் மட்டுமே முடிவு செய்வதில்லை. நாட்டில் புழங்கும் பணத்தின் அளவும் அதற்குக் காரணமாகிறது. அந்த அளவைக் கவனித்து வருவது மத்திய வங்கியின் கடமையாகும். மலேசியாவில் 1959ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பேங்க் நெகாரா இப்பணியைச் செய்கிறது. இந்தியாவில் இதனைச் செய்வது ரிசர்வ் வங்கி. அவ்வங்கியின் ஆளுநராக உயர்ந்த தமிழர்களுள் ஒருவர் பொருளியலாளர் சி. ரங்கராஜன்.

இவர் 1932ஆம் ஆண்டு தமிழ்நாட்டின் அரியலூரில் பிறந்தார். 1964இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர், அகமதாபாத்தில் உள்ள இந்திய மேலாண்மைக் கழகத்தில் பேராசிரியராகப் பணியாற்றினார். 1982இல் ரிசர்வ் வங்கியின் துணை ஆளுநரானார்.

பணப்புழக்கத்திற்கும் விலைவாசிக்கும் உள்ள தொடர்பே இவருடைய ஆய்வில் முதன்மை பெற்றது. பொருள்களின் உற்பத்தி பெருகாமல் பணம் மட்டும் பெருகினால் விலை ஏறும். இதனைப் பணவீக்கம் என்பர். சம்பளம் உயராத தொழிலாளர் குடும்பமே இதனால் முதலில் துன்புறும்.

1991இல் இந்தியா பெரும் நெருக்கடியைச் சந்தித்தது. அரசின் செலவு வருவாயை மிஞ்சியிருந்தது. வளைகுடாப் போரால் எண்ணெய் விலையும் ஏறியது. இறக்குமதிக்குரிய அந்நியச் செலாவணி சில வாரங்களுக்கே போதுமானதாக இருந்தது. ஆகவே, அவ்வாண்டு ஜூலையில் ரிசர்வ் வங்கி ஏறத்தாழ 47 டன் தங்கத்தை வெளிநாட்டிற்கு அனுப்பி, அதனை ஈடாக வைத்துக் கடன் பெற்றது. அப்போது துணை ஆளுநராக இருந்த ரங்கராஜன் நெருக்கடியை நேரில் கண்டார்.

1992இல் அவர் ஆளுநரானார். அக்காலத்தில், அரசின் கணக்கில் பணம் குறைந்தால் ரிசர்வ் வங்கி புதிய பணத்தை உருவாக்கித் தானாகவே ஈடுகட்டும் வழக்கம் இருந்தது. 1955 முதல் நீடித்த இவ்வழக்கத்திற்கு எல்லை வகுக்க, 1994இல் அரசும் வங்கியும் உடன்பாடு செய்துகொண்டன. 1997 ஏப்ரலில் அவ்வழக்கம் முடிவுக்கு வந்தது. அதன்பின், அரசு குறிப்பிட்ட வரம்பிற்குள் மட்டுமே முன்பணம் பெற்று, அதனைத் திருப்பிச் செலுத்த வேண்டியதாயிற்று.

மத்திய வங்கியின் ஆளுநரை நியமிப்பது அரசுதான். அந்த அரசிடமே, “இதற்கு மேல் இல்லை” என்று சொல்வது எளிதன்று. பல்லாண்டு ஆய்வில் தேர்ந்த உண்மையை நடைமுறை விதியாக்கியதே ரங்கராஜனின் சிறப்பாகும்.