சவர்க்காரச் செய்முறையில் வரும் சுருக்கக் குறிகள்

வீட்டில் சவர்க்காரம் செய்யப் பழகுவோருக்குக் கிடைக்கும் செய்முறைத் தாள்களில் பல பெயர்கள் ஓரிரு எழுத்துகளாகச் சுருங்கியிருக்கும். எல்லாவற்றையும் மனனம் செய்யத் தேவையில்லை. ஆனால் இரண்டை மாறி வாசித்தால் தோல் வெந்துவிடும்.

'என்.ஏ.ஓ.எச்.' என்பது காஸ்டிக் சோடா, கட்டிச் சவர்க்காரத்துக்குரியது. 'கே.ஓ.எச்.' என்பது காஸ்டிக் பொட்டாசு; திரவச் சவர்க்காரத்துக்குரியது. சோடியத்துக்கு 'எஸ்' வராமல் 'என்.ஏ.' ஏன் வந்தது என்று கேட்பீர்கள். நாத்ரியம், காலியம் என்னும் இலத்தீன் பெயர்களின் எழுத்துகள் இவை.

'எஸ்.ஏ.பி.' என்பது ஒரு கிராம் எண்ணெயைச் சவர்க்காரமாக்க வேண்டிய காரத்தின் அளவு. எந்தக் காரத்துக்குரியது என்று முதலில் பாருங்கள். தேங்காயெண்ணெய்க்கு அது சோடாவில் ஏறத்தாழ 0.183 கிராம், பொட்டாசில் 0.257. ஆகவே ஒரு கிலோ எண்ணெய்க்கு 183 கிராம் சோடா. பொட்டாசின் எண்ணைப் பார்த்து 257 கிராம் சோடா போட்டால் 74 கிராம் காரம் மிஞ்சி நிற்கும். அதைப் பிள்ளையின் உடம்பில் தேய்ப்பதை எண்ணிப் பாருங்கள். 'எஸ்.எவ். 5%' என்றிருந்தால் சோடாவை நூற்றுக்கு ஐந்து குறைத்து 174 கிராம் போடுங்கள். சிறிது எண்ணெய் மாறாமல் நின்று தோலைக் காக்கும்.

'டபிள்யூ/டபிள்யூ' என்றால் நிறைக்கு நிறை. கோப்பையால் அளக்காமல் தராசில் நிறுங்கள். ஒரு லீற்றர் தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 920 கிராம்தான். 'ஈ.ஓ.' வாசனைத் தைலம். 'கியூ.எஸ்.' என்பதும் இலத்தீனே: போதிய அளவு. கறிக்கு உப்புப் போடுவதுபோல, வாசனைக்கு அது சரி. காரத்துக்கு அப்படி எழுதிய தாளை நம்ப வேண்டாம்.

தாளில் எழுதாவிட்டாலும், சோடாவைத் தண்ணீருக்குள் சிறிது சிறிதாக இடுங்கள்; சோடாவின்மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். அலுமினியச் சட்டியும் கூடாது, காரம் அதை அரித்துவிடும்.