விடிகாலை 4 மணிக்கு வந்த அறிக்கை

செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களில் தகவல் ஒளியாக ஓடுகிறது. மின்குறிப்பை லேசர் ஒளியாக்கி ஒளியிழையில் அனுப்புவது டிரான்சீவர் என்ற விரல் நீளக் கருவி. இதைப் பெருமளவில் வாங்குவோர் ஒரு சிலரே: அமேசான், மைக்ரோசாஃப்ட், கூகல், மெட்டா, என்விடியா.

2000 மார்ச்சில் ஒளிக்கருவித் தயாரிப்பாளரான ஜேடிஎஸ் யூனிஃபேஸின் பங்கு 150 டாலரைத் தாண்டியது. இணையப் போக்குவரத்து பெருகும் என்று சொன்னார்கள், பெருகத்தான் செய்தது. ஆனாலும் ஆர்டர்கள் நின்றுபோயின. 2001 நிதியாண்டில் நட்டம் 50 பில்லியன் டாலருக்கு மேல். 2002இல் பங்கு 2 டாலருக்கும் கீழ்.

அந்த ஆண்டு ஜனவரியில் கடலடிக் கேபிள் நிறுவனமான குளோபல் கிராசிங் திவாலானது. அதன் 61.5 விழுக்காட்டைச் சிங்கப்பூரின் எஸ்டி டெலிமீடியா 250 மில்லியன் டாலருக்கு எடுத்துக்கொண்டது. கேபிள்கள் தொடர்ந்து இயங்கின. பழைய பங்குதாரர்களின் பணம் முழுவதும் போனது.

தரவு மையங்களையே பெரிதும் நம்பியிருந்தால் என்ன ஆகும் என்பதை 2017 காட்டியது. டெக்சஸின் டிரான்சீவர் தயாரிப்பாளரான அப்ளைடு ஆப்டோஎலக்ட்ரானிக்ஸின் பங்கு ஜூலையில் 100 டாலரைத் தொட்டது. அதன் முந்தைய ஆண்டு வருவாயில் பாதிக்கு மேல் அமேசானிடமிருந்து வந்தது. ஆகஸ்டு 3ஆம் தேதி, நியூயார்க் சந்தை மூடிய பின் அறிக்கை வெளியானது: பெரிய வாடிக்கையாளர் ஒருவர் 40ஜி (வினாடிக்கு 40 கிகாபிட்) டிரான்சீவர்கள் வாங்குவதைக் குறைத்துக்கொண்டார். சிங்கப்பூரில் அப்போது விடிகாலை 4 மணி கடந்திருந்தது. சந்தை மறுபடி திறந்தது இரவு 9.30க்கு, சிராங்கூன் சாலையில் சாப்பாட்டுக் கூட்டம் இன்னும் கலையாத வேளையில். அன்று பங்கின் விலை ஏறத்தாழ மூன்றில் ஒரு பகுதி விழுந்தது. விலை இறங்கினால் தானாக விற்கும் ஸ்டாப்-லாஸ் கட்டளையை 90 டாலரில் போட்டிருந்தவருக்கும் 90 கிடைக்கவில்லை. சந்தை திறந்த விலைதான் கிடைத்தது. 2022 முடிவில் அந்தப் பங்கு 2 டாலரை ஒட்டி நின்றது. அந்த ஐந்தாண்டுகளில் தரவு மையங்கள் குறையவில்லை, கூடின.

2025 மார்ச்சில் என்விடியா, ஒளிப்பகுதியைச் சிப்போடு சேர்த்தே பொருத்தும் நெட்வொர்க் சுவிட்சுகளை அறிவித்தது. அவற்றில் தனி டிரான்சீவர் தேவையில்லை. லேசர்களும் நான்கில் ஒரு பங்கு போதும் என்கிறது அந்நிறுவனம்.

ஒரு நிறுவனம் சில வாடிக்கையாளர்களையே நம்பியிருக்கிறதா என்பதை அறிய வழி உண்டு. அமெரிக்கச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனம், வருவாயில் 10 விழுக்காடோ அதற்கு மேலோ தரும் வாடிக்கையாளர் இருந்தால் அதை ஆண்டறிக்கையில் சொல்லியாக வேண்டும். பெயர் சொல்ல வேண்டியதில்லை, தொகையோ விழுக்காடோ இருக்கும்.