சொல்லக் கூசும் உபாதை

யாராவது தும்மினால் ‘நூறாயுசு’ என்று வாழ்த்துவது நம் வீடுகளில் வழக்கம். ஆனால் தும்மல் வருகிறதென்றாலே பயந்து, கால்களை இறுக்கிக்கொண்டு நிற்கும் பெண்கள் நம்மிடையே நிறையப் பேர் உண்டு. தும்மினாலோ, இருமினாலோ, வாய்விட்டுச் சிரித்தாலோ, ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கினாலோ சிறுநீர் கசிந்து புடவை நனைந்துவிடும். வேறு சிலருக்கு, போகவேண்டும் என்று தோன்றிய மறுநிமிடம் அடக்க முடியாது. பாத்ரூம் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

உயிரைப் பறிக்கும் வியாதி இல்லைதான். ஆனால் வாழ்க்கையைச் சிறிது சிறிதாகச் சுருக்கிவிடும் உபாதை இது. மூன்று மணி நேரக் கச்சேரிக்குப் போக யோசனை. மலை மந்திர் படி ஏற யோசனை. ஊருக்குப் போகும்போது தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு இரவுகள் தொண்டை வறண்டாலும் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்து வருபவர்கள் இருக்கிறார்கள். டெல்லிக் குளிரில் நடுநிசியில் அவசரமாக எழுந்து ஓடி, வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வதும் நடக்கிறது.

இத்தனையையும் சகித்துக்கொண்டு, “பிள்ளை பெற்ற உடம்பு, வயசானால் இப்படித்தான்” என்று சமாதானம் செய்துகொள்கிறோம். வயதானால் வரக்கூடியது என்பது உண்மை. வந்தால் தீராது என்பது உண்மையில்லை. பெரும்பாலோருக்கு அறுவை சிகிச்சையும் வேண்டாம், பெரிய ஆஸ்பத்திரியும் வேண்டாம். நாம் வழக்கமாகப் போகும் டாக்டரிடமே வைத்தியத்தைத் தொடங்கிவிடலாம். தொடங்காமல் போவதற்குக் காரணம், இந்தப் பேச்சே அங்கே எழாததுதான்.

இரு பக்கத்து மௌனம்

பெண்களுக்குச் சங்கோஜம். கேட்காமல் இதைச் சொல்ல நா எழாது. மகனோடு டெல்லியில் வந்து தங்கிவிட்ட தாய்மார்களுக்கு இன்னொரு தடையும் உண்டு. டாக்டரிடம் பேச ஹிந்தி போதாது. துணைக்கு வருபவர் மகனோ பேரனோதான். “அம்மாவுக்கு முழங்கால் வலி, பிரஷர்” என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் மருந்துச் சீட்டு கைக்கு வந்துவிடும். பெற்ற பிள்ளையிடமே சொல்ல முடியாததை அவன் வாயிலாக டாக்டரிடம் எப்படிச் சொல்வது?

டாக்டர்களில் பலரும் தாமாகக் கேட்பதில்லை. வெளியே நாற்பது பேர் காத்திருக்கிறார்கள். தொந்தரவு இருந்தால் அந்த அம்மாளே சொல்லமாட்டாரா என்று டாக்டர் நினைக்கிறார். முக்கியமான விஷயமானால் டாக்டர் கேட்கமாட்டாரா என்று அந்த அம்மாள் நினைக்கிறார். இருவருக்கும் நடுவே ஆண்டுகள் கழிகின்றன.

காரணம் என்ன?

நம் இடுப்பெலும்புக் கூட்டின் அடியில், சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் தொட்டில் துணி போலத் தாங்கிக்கொண்டு ஒரு தசைப் படலம் இருக்கிறது. பிரசவங்களாலும், உடல் பருமனாலும், நாட்பட்ட இருமலாலும், மலச்சிக்கலுக்காக முக்குவதாலும் அது தளர்ந்துபோகிறது. அப்போது வயிற்றில் அழுத்தம் ஏறினால் சிறுநீர் கசிகிறது. இது ஒரு வகை.

இரண்டாவது வகையில், பை நிறைவதற்கு முன்பே தானாகச் சுருங்கி அவசரப்படுத்துகிறது. இரண்டும் சேர்ந்தே இருப்பவர்களும் உண்டு. மாதவிலக்கு நின்றபின் ஹார்மோன் குறைவதாலும் தொந்தரவு கூடலாம். கட்டுக்கு அடங்காத சர்க்கரை, சிறுநீர்த் தொற்று, பிரஷருக்காகச் சாப்பிடும் நீர் பிரியும் மாத்திரை ஆகியவையும் காரணமாகலாம். பிரஷர் மாத்திரைகளில் சில வறட்டு இருமலை உண்டாக்கி, அந்த இருமலால் கசிவை அதிகப்படுத்துவதும் உண்டு.

முதல் டாக்டர் செய்யக்கூடியது

இதற்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. தனிமையில், “இருமும்போதோ அவசரத்திலோ சிறுநீர் கசிகிறதா?” என்று ஒரு கேள்வி. எப்போது, எவ்வளவு, எத்தனை நாளாக என்ற விசாரணை. சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல். சிறுநீர், சர்க்கரைப் பரிசோதனைகள். கருப்பை இறங்கியிருக்கிறதா, தசை எவ்வளவு பலமாகச் சுருங்குகிறது என்று பெண் டாக்டரோ நர்ஸோ பரிசோதித்துப் பார்த்தல்.

இவற்றோடு மூன்று நாள் கணக்கு ஒன்றும் வேண்டும். எத்தனை மணிக்கு என்ன குடித்தோம், எத்தனை மணிக்கு எவ்வளவு சிறுநீர் கழித்தோம், எப்போது கசிந்தது என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போனால், எந்த வகை என்பது டாக்டருக்குப் பாதிக்கு மேல் விளங்கிவிடும்.

மருந்தில்லா வைத்தியம்

அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்ட் கெகல், தளர்ந்த இத்தசைகளைப் பயிற்சியால் பலப்படுத்தலாம் என்று 1948ல் எழுதினார். இன்றும் முதல் சிகிச்சை அதுதான். செய்யும் முறை இதோ:

காற்று வெளியேறாமல் அடக்குவது போல ஆசனவாயைச் சுருக்கி, அதே சமயம் சிறுநீரை நிறுத்துவது போல முன்பக்கமும் இறுக்கி, மேல்நோக்கி இழுக்கவேண்டும். சில விநாடிகள் நிறுத்தி, அதே அளவு நேரம் தளர்த்தவேண்டும். போகப்போகப் பத்து விநாடி வரை நிறுத்தப் பழகலாம். மூச்சை அடக்கக் கூடாது. வயிறும் தொடையும் இறுகக் கூடாது. சிறுநீர் கழிக்கும்போது இந்தப் பயிற்சி வேண்டாம். உட்கார்ந்தபடியோ படுத்தபடியோ செய்யலாம். பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது.

ஒரு வேளைக்கு 8 தடவையாவது, தினம் மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம், தெரிந்தவர் மேற்பார்வையில் செய்யவேண்டும் என்று பிரிட்டனின் 2019ஆம் ஆண்டு மருத்துவ வழிகாட்டுதல் சொல்கிறது. மேற்பார்வை என்பது முக்கியம். இழுப்பதற்குப் பதில் கீழ்நோக்கி முக்கி, “செய்து பார்த்தேன், பலனில்லை” என்று பத்து நாளில் விட்டுவிடுபவர்கள் உண்டு. தசை பலப்பட்டபின், இருமலோ தும்மலோ வருமுன் ஒருமுறை இறுக்கிக்கொண்டால் கசிவு நிற்கும்.

அவசர வகைக்குப் பையைப் பழக்கவேண்டும். தோன்றியவுடன் ஓடாமல், முதலில் ஐந்து நிமிடம், பிறகு பத்து நிமிடம் என்று தள்ளிப்போட்டு இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போவது. இதற்குக் குறைந்தது ஆறு வாரம் பொறுமை வேண்டும்.

காபி, டீயைக் குறைப்பது நல்லது. காலையில் இரண்டு டம்ளர் டிகாக்ஷன் காபிக்குப் பழகிய நமக்கு இது கசக்கும். ஒன்றாகக் குறைத்தாலும் வித்தியாசம் தெரியலாம். தண்ணீரை மட்டும் குறைக்கவே கூடாது. அது மலச்சிக்கலில் கொண்டுபோய்விடும். சிறுநீர் அடர்ந்து பையை இன்னும் உறுத்தும். பருமனானவர்கள் எடையைக் குறைத்தால் நல்ல பலன் உண்டு. 2009ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சராசரியாக 8 சதவிகித எடை குறைத்த பெண்களுக்கு ஆறு மாதத்தில் கசியும் தடவைகள் 47 சதவிகிதம் குறைந்தன. ஆலோசனை வகுப்பு மட்டும் பெற்றவர்களுக்குக் குறைந்தது 28 சதவிகிதம்.

இவற்றில் குணம் தெரியாவிட்டால் மாத்திரைகள் இருக்கின்றன. அவசர வகைக்குத் தரும் சில மாத்திரைகள் முதியவர்களுக்கு வாய் வறட்சி, மலச்சிக்கல், மனக்குழப்பம் ஆகியவற்றை உண்டாக்கக்கூடும் என்பதால், டாக்டரைக் கேட்காமல் கடையில் வாங்கக் கூடாது. அறுவை சிகிச்சை கடைசிப் படி. அதிலும் செயற்கை வலைநாடா பொருத்தும் முறையால் சிலர் தீராத வலிக்கு ஆளானதால், இங்கிலாந்தில் 2018ல் அது நிறுத்திவைக்கப்பட்டது. யாரேனும் ஆபரேஷன் என்று சொன்னால் எந்த முறை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சிறுநீரில் ரத்தம், காய்ச்சலோடு வலி, முழுவதும் கழிக்க முடியாமை, பிரசவத்துக்கோ ஆபரேஷனுக்கோ பிறகு இரவு பகலாக ஓயாத ஒழுக்கு, திடீரெனக் கால் பலவீனம் அல்லது மரத்துப்போதல் இவற்றில் ஒன்று இருந்தாலும் பயிற்சி என்று காலம் கடத்தாமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

நாம் செய்யக்கூடியது

2018ல் தொடங்கி, 2023ல் ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர் என்று பெயர் மாறிய அரசு நிலையங்களில் முப்பது வயதுக்கு மேற்பட்டோருக்கு ரத்த அழுத்தம், சர்க்கரை, புற்றுநோய் அறிகுறிகளைப் பார்க்கிறார்கள். பெண்களிடம் அதே நேரத்தில் இந்த ஒரு கேள்வியையும் தவறாமல் கேட்கலாம். சி.ஜி.எச்.எஸ். நிலையங்களிலும் அப்படியே. பயிற்சியை டாக்டர்தான் சொல்லித்தரவேண்டும் என்பதில்லை. நர்ஸுக்கோ பிசியோதெரபிஸ்டுக்கோ முறையாகக் கற்பித்தால் அவர்களே போதும்.

நம் மகளிர் பிரிவு ஒரு மத்தியான வேளையில் தமிழ் தெரிந்த லேடி டாக்டரையோ பிசியோதெரபிஸ்டையோ அழைத்து, பெண்களுக்கு மட்டும் ஒரு கூட்டம் நடத்தினால் பெரிய உதவியாக இருக்கும். ஹிந்தி தெரிந்த சகோதரிகள், தெரியாத மாமிகளோடு டாக்டரிடம் துணையாகப் போகலாம். யாரும் கிடைக்காவிட்டால், இந்த இரண்டு வாக்கியங்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். இருமும்போது கசிபவர்கள், “காஸ்தே சமய் பேஷாப் நிகல் ஜாத்தா ஹை” என்று சொல்லலாம். அடக்க முடியாதவர்கள், “பேஷாப் ரோக் நஹீ பாத்தீ” என்று சொல்லலாம். மற்றதை டாக்டர் கேட்டுக்கொள்வார்.

வீட்டிலிருக்கும் மருமகள்களுக்கும் மகள்களுக்கும் ஒரு வேண்டுகோள். மாமியார் வெளியே வர மறுத்தாலோ, தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டாலோ, பிடிவாதம் என்று விட்டுவிடாதீர்கள். தனியாக இருக்கும் நேரம் பார்த்து, “இந்த மாதிரித் தொந்தரவு ஏதாவது இருக்கிறதா?” என்று நீங்களே முதலில் கேளுங்கள்.